பாரிஸில் விமானங்களுக்காக ஒரு நாள்: தனியாகச் செல்வோரின் கேள்விகள்

கேள்வி: வேலை நிமித்தம் பாரிஸ் செல்கிறேன். எனக்கென்று ஒரே ஒரு நாள் கிடைக்கும். அதை முழுவதுமாக விமானங்களுக்கே செலவிட விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?

பதில்: காலையை லெ பூர்ஜே விமான நிலையத்திலுள்ள வான், விண்வெளி அருங்காட்சியகத்துக்கும், பிற்பகலை நகருக்குள் இருக்கும் ஆர்ஸே மெத்தியே தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், அந்த ஒரு நாள் திங்களாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். லெ பூர்ஜேக்குப் போக கார் து நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். 'பி' என்ற புறநகர் விரைவு ரயிலைப் பிடித்து, லெ பூர்ஜேயில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் செல்லவேண்டும். இந்தத் தடத்தில் சில ரயில்கள் இடையில் எங்கும் நிற்காமல் நேராக ஷார்ல் த கோல் விமான நிலையத்துக்குப் போய்விடும். ஆகவே, நடைமேடைப் பலகையில் லெ பூர்ஜேயின் பெயருக்கு எதிரே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜூன் மாதத்தில் அதே வளாகத்தில் பாரிஸ் விமானக் கண்காட்சி நடைபெறும். அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்க்க அந்த வாரம் ஏற்றதல்ல.

கேள்வி: அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம் என்கிறார்கள். பிறகு விமானங்களுக்குள் ஏற எதற்குத் தனிக் கட்டணம்? கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். நிரந்தரக் காட்சிகளுக்குத்தான் கட்டணம் இல்லை. ஒலியைவிட விரைவாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட், போயிங் 747 ஆகியவற்றினுள் செல்லச் சீட்டு வாங்கவேண்டும். ஒரே கூடத்தில் இரண்டு கான்கார்டுகள் நிற்பதே இங்குள்ள சிறப்பு. ஒன்று, 1969 மார்ச் 2 அன்று துலூஸில் முதன்முதலாகப் பறந்த 001 என்ற முன்மாதிரி. 1973 ஜூன் 30 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது ஆய்வாளர்களை ஏற்றிக்கொண்டு, நிலவின் நிழலுக்குள்ளேயே ஒலியைவிட விரைவாகப் பறந்து, 74 நிமிடங்கள் இருளில் இருந்த விமானம் அது. தரையில் நின்றவர்களுக்கு அந்த இருள் ஏறத்தாழ ஏழு நிமிடங்களே நீடித்தது. மற்றொன்று ஏர் பிரான்ஸின் 'சியரா டெல்டா'. 1995 ஆகஸ்டில் 31 மணி 27 நிமிடங்களில் உலகைச் சுற்றிவந்த சாதனை இதற்குரியது. உள்ளே நுழைந்ததும் பெரும்பாலோர் வாய்விட்டுச் சொல்வது, 'இவ்வளவு குறுகலா?' என்பதுதான். சன்னல்களும் உள்ளங்கை அளவே இருக்கும். 747-க்குள் இதற்கு நேர்மாறு, நல்ல விசாலம். பக்கப் பலகைகள் அகற்றப்பட்ட இடங்களில் விலா எலும்புகளைப் போன்ற சட்டங்களையும், கம்பிக் கற்றைகளையும் பார்க்கலாம்.

கேள்வி: அங்கு நேரம் குறைவாக இருந்தால், எதைத் தவறவிடக்கூடாது?

பதில்: என் விருப்பம் பலருக்கு வியப்பாக இருக்கலாம்: ஒரு சக்கரத் தொகுதி. 1927 மே 8 அன்று நுங்கெஸ்ஸர், கோலி என்ற இரு பிரெஞ்சு விமானிகள் 'வெள்ளைப் பறவை' என்ற விமானத்தில் இதே ஓடுதளத்திலிருந்து நியூயார்க்கை நோக்கிக் கிளம்பினார்கள். அங்கே நீரில் இறங்குவதே திட்டம் என்பதால், எடையைக் குறைப்பதற்காகக் கிளம்பிய சிறிது நேரத்திலேயே சக்கரங்களைக் கழற்றி விழச்செய்தார்கள். விமானமும் அவர்களும் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. எஞ்சியது அந்தச் சக்கரத் தொகுதி மட்டுமே. 13 நாட்கள் கழித்து, எதிர்த்திசையில் நியூயார்க்கிலிருந்து வந்த அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் இதே லெ பூர்ஜேயில், இரவு நேரத்தில், பெருங்கூட்டத்தின் நடுவே தரையிறங்கினார். அவர் பெயரை உலகமே அறியும். தனியாகச் செல்வதில் ஒரு வசதி, இப்படிப்பட்ட பொருளின் முன்னே கால்மணி நேரம் நின்றாலும் யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள்.

கேள்வி: லெ பூர்ஜேயைப் பார்த்த பிறகு ஆர்ஸே மெத்தியேயில் புதிதாக என்ன இருக்கிறது?

பதில்: விமானங்கள் எண்ணிக்கையில் சொற்பம். ஆனால் முக்கியமான இரண்டும் நகல்களல்ல, அசல். மாடிப்படிக்கு மேலே வௌவாலைப் போலச் சிறகு விரித்துத் தொங்குவது கிளெமான் அடேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1897-இல் சோதித்த நீராவி இயந்திர விமானம். அது உண்மையில் பறக்கவில்லை என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஆனால் தம் இயந்திரங்களுக்கு அவர் சூட்டிய 'அவியோன்' என்ற பெயரே பிரெஞ்சு மொழியில் விமானத்துக்கான சொல்லாக நிலைத்துவிட்டது. அருங்காட்சியகத்தின் பழைய தேவாலயக் கட்டடத்தில் தொங்குவது, 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்த அதே விமானம். மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 25 குதிரைத்திறன், வெறும் மரச்சட்டமும் துணியும்! மெட்ரோவில் 11-ஆம் தடத்தில் வந்து ஆர்ஸே மெத்தியே நிலையத்தில் இறங்குங்கள். செப்புத் தகடு வேய்ந்து, வட்டச் சாளரங்கள் வைத்து நீர்மூழ்கிக் கப்பலைப் போல அமைத்திருக்கும் அந்த நிலையமே பார்க்கத்தக்கது.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: லெ பூர்ஜேயிலிருந்து திரும்பும் வழியில் கார் து நோரில் இறங்கி, பத்து நிமிடங்களுக்குள் லா ஷப்பேலுக்கு நடந்துவிடலாம். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. தோசையும் சோறும் கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

கேள்வி: ஷார்ல் த கோலில் ஒன்பது மணி நேரம் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கவேண்டும். இடையில் லெ பூர்ஜேக்குப் போய்வர முடியுமா?

பதில்: தொலைவு தடையில்லை, அதே ரயில் தடம்தான். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு உடையவருக்கு ஷெங்கன் விசா இருக்கவேண்டும். விமான நிலைய இடைவழி விசாவை வைத்துக்கொண்டு வெளியே வர இயலாது. வந்துபோகும் நேரம், பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றைக் கழித்தால் அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் மிஞ்சலாம். கைப்பெட்டியுடன் போவதாக இருந்தால், அதை உள்ளே அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.