மஞ்சள் மீன் நீலமாகிவிட்டது, எது அசல்?

கேள்வி: வணக்கம் சேர். தலவாக்கலைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் கண்டியில் ஒரு கடையில் ‘மஞ்சள் சிக்லிட்’ என்று 10 அலங்கார மீன் குஞ்சு வாங்கினேன். எல்லாம் ஒரே மஞ்சள். இப்போது இரண்டு நீலமாகி, உடம்பில் கறுப்புப் பட்டை விழுந்து, மற்றதையெல்லாம் விரட்டுகின்றன. ஒன்று செம்மஞ்சளாகப் பெருத்துவிட்டது. மிச்சம் மங்கிப்போய் மூலையில் நிற்கின்றன. கடைக்காரரிடம் படம் காட்டினால், நீலமானது டெமசோனி என்ற இனம், நல்ல விலை போகும் என்கிறார். இதில் எது அசல்? குஞ்சு எடுத்து விற்க யோசனை. லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு, இன்னும் நாலு தொட்டிக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன்.

பதில்: தம்பி, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே எழுதியிருக்கலாம். சரி, மீனுக்கு வருவோம்.

நீலமானது டெமசோனி இல்லை. டெமசோனி குஞ்சிலிருந்தே நீலம், ஆணும் பெண்ணும் ஒரே உடுப்பு. மஞ்சளாகப் பிறந்து பிறகு நீலமாகிப் பட்டை போடுவது சவுலோசி என்ற இனத்தின் ஆண். இரண்டுமே ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள்தான், பெரிசானதும் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்குப் பிடிபடாது, ஆனால் உங்கள் மீன் மஞ்சளாக இருந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள், அதைவிட என்ன சாட்சி வேண்டும்? டெமசோனி என்று சொல்லி அதை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

மிச்ச மஞ்சள்கள் சவுலோசிப் பெண்களாக இருக்கலாம், யெல்லோ லேப் என்ற இன்னொரு மஞ்சள் இனமாகவும் இருக்கலாம். யெல்லோ லேப்புக்கு முதுகுத் துடுப்பின் நீளத்துக்கும் மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓடும். அப்புறம் வாயைப் பாருங்கள். கூரான சின்ன வாய், சாமணம் மாதிரி. அதன் அறிவியல் பெயரின் முன்பாதியே சாமணத்தைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பின்பாதி ‘கெருலியஸ்’, அதற்கு அர்த்தம் நீலம்! 1956இல் பெயர் வைத்தபோது கையில் இருந்தவை வெளிறின நீல மீன்கள், நாம் வளர்க்கும் மஞ்சள் வகை அதே ஏரியின் வேறு இடத்திலிருந்து பிறகு வந்தது. நிறத்தை நம்பிப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன்.

பெருத்த செம்மஞ்சள், வாய் அகன்று மொட்டையாக இருந்தால் ரெட் ஸீப்ரா என்ற இன்னொரு மலாவி இனத்தின் பெண்ணாக இருக்கலாம். இல்லையென்றால் ரெட் ஸீப்ராவும் யெல்லோ லேப்பும் சேர்ந்த கலப்பு. படத்தைப் பார்த்து இதைத் தீர்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவரிடம் மீன் வாங்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. மூலையில் மங்கி நிற்பதற்கு இனம் காரணமில்லை. உங்கள் தொட்டியில் ஹீட்டர் இருக்கிறதா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இந்த மீனுக்கு 24 முதல் 27 பாகை வேண்டும், தலவாக்கலையில் ஜனவரி இரவு நமக்கே கம்பளி போதாது. குளிரில் விறைத்த மீன் நிறம் காட்டாது. வலிய ஆண் துரத்தும்போது அடங்கின ஆணும் காட்டாது, அதனால் மஞ்சளாக நிற்பதெல்லாம் பெண் என்று கணக்குப் போட வேண்டாம். இன்னொன்று, நம் பீலித் தண்ணீர் மென்மையான தண்ணீர், சவர்க்காரம் கொஞ்சம் தேய்த்தாலே நுரை பொங்கும். மலாவி மீனுக்கு யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சுண்ணாம்புள்ள தண்ணீர்தான் சுகம், பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 7.7க்கு மேலே இருக்க வேண்டும். கடல் சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி, உடைத்து, வலைப்பையில் கட்டி பில்டருக்குள் போடுங்கள், மெதுவாக ஏறும். தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் தூளை அப்படியே கொட்டிவிடாதீர்கள், தொட்டி பால்போல் கலங்கிவிடும். (ஒரு தம்பி கொட்டிவிட்டுத்தான் எனக்கு எழுதினார்.)

குஞ்சு எடுக்கும் யோசனைக்கு என் பதில்: இந்த 10 மீனிலிருந்து வேண்டாம். ஒரு தொட்டிக்கு ஒரு இனம், அதில் நான் இறங்கி வருவதே இல்லை. மலாவிப் பாறை மீன்கள் இனம் பார்த்துச் சேர்வது ஏரியில்தான். நாலடித் தொட்டியில் தன் இனத்துத் துணை கிடைக்காவிட்டால் கிடைத்ததோடு சேரும். பெண் முட்டையை வாயில் வைத்துச் சுமார் 3 வாரம் சுமக்கும், அப்பன் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நானும் ஒரு காலத்தில் ‘மிக்ஸ்’ பையில் வாங்கின மீனிலிருந்து குஞ்சு எடுத்து யெல்லோ லேப் என்று விற்றவன்தான். நாலு மாதத்தில் பாதி பழுப்புத் திட்டாகி, வாங்கினவர் வாளியோடு வாசலில் வந்து நின்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

கடைகளில் அந்த ‘மிக்ஸ்’ பை என்பது விற்காமல் மிஞ்சினதைக் கூட்டி அள்ளினது, வேறொன்றுமில்லை. பீக்கொக் என்ற மலாவி சிக்லிட் வகையில் இன்னும் மோசம். இரண்டங்குலக் குஞ்சு முழுதும் வானவில்லாக மின்னினால் அதற்கு ஹோர்மோன் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் அது சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் நிறம் இறங்கும், பெண் குஞ்சும் ஆண் வேஷத்தில் வந்திருக்கும், இனப்பெருக்கத்துக்கு நம்ப முடியாது. தாய் தகப்பன் மீனைத் தொட்டியில் காட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். காட்ட மாட்டேன் என்றால் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்த இடத்தில் பேசி, நாலு தொட்டியை இரண்டாக்கிக்கொண்டு மிச்சக் காசுக்கு ஹீட்டரும் வெப்பமானியும் வாங்குங்கள். இருக்கிற மீன்களை அழகுக்கு வையுங்கள், கொல்ல வேண்டாம், ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ விடவும் வேண்டாம். செம்மஞ்சளை இன்றைக்கே தனியாக்குங்கள். காலை 5 மணிக்குத் தண்ணீர் எத்தனை பாகை என்று மூன்று நாள் அளந்து எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.