விடைத்தாள் எங்கே போகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் பல்கலைக்கழகம் அடுத்த பத்தாண்டுகளில் கற்றலும் கற்பித்தலும் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போட ஒரு குழு அமைத்திருக்கிறது. இணைவுக் கல்லூரிகள் சார்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் கூட்டம் முழுக்க ஸ்மார்ட் வகுப்பறை, இணையவழிப் பாடம், செயற்கை நுண்ணறிவு என்றே போனது. என் வகுப்பில் 60 பேர். பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். செல்போனில் கேட்டால் ஒரு நிமிடத்தில் கட்டுரை வந்துவிடுகிறது. பிறகு நான் எதற்கு என்று தோன்றுகிறது. விரிவுரையின் காலம் முடிந்துவிட்டதா? குழுவில் நான் என்ன சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, பழைய காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தாள் கிடைத்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். "நான் எதற்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, 60 பிள்ளைகள் முன்னால் தினமும் நிற்கிற ஒருவர் எழுதுகிற வார்த்தையா அது? 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் 28.4. இந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை அம்மாக்கள் நகையை அடகு வைத்திருப்பார்கள்! அப்படி வந்த பெண் உங்கள் முன்னால் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காகத்தான் நீங்கள்.

ஸ்மார்ட் போர்டு வாங்கினால் வாங்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. மத்திய அரசு நடத்தும் 'சுயம்' இணையவழிப் பாடத் தளத்தில் நல்ல பாடங்கள் இருக்கின்றன, பார்க்கச் சொல்லுங்கள். விரிவுரை முடியவில்லை. நோட்ஸ் சொல்லி எழுதவைப்பது முடிந்துபோனால் நல்லது. இதற்குமேல் இவற்றைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

குழுவில் யாரும் கேட்காத ஒன்றை நீங்கள் கேளுங்கள். மாணவர் எழுதிய விடைத்தாள் எங்கே போகிறது?

நவம்பரில் அந்தப் பெண் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறாள். தாளைக் கட்டி அனுப்புகிறார்கள். பெயரும் பதிவெண்ணும் மறைந்து டம்மி எண் விழுகிறது. திருத்தும் முகாமில் அவளை அறியாத ஒருவர் கட்டோடு கட்டாக அதைத் திருத்துகிறார். சில வாரங்களில் செல்போனில் ஒரு எண் வருகிறது: 43, அல்லது 38. தாள் கிடங்கில் கிடந்து, பிறகு கழிவாகப் போய்விடுகிறது. எந்த வாக்கியம் தப்பு, எந்த இடத்தில் யோசனை வழுக்கியது என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. தன் கையெழுத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். தேர்வெழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் உரிமைச் சட்டத்தின்படி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. நாம் அந்த உரிமையை மனுவும் கட்டணமுமாகத்தான் வைத்திருக்கிறோம்.

இதற்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றையும் அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உண்டாக்கினார்கள். அவை பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தன. பல்கலைக்கழகமே கற்பிக்கலாம் என்று வழிசெய்த சட்டம் 1904-ல்தான் வந்தது. பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தத் துறைகள் வந்தன. இணைவுக் கல்லூரியில் மட்டும் பழைய ஏற்பாடே தொடர்கிறது. நடத்துபவர் ஒருவர், கேள்வி எடுப்பவர் ஒருவர், திருத்துபவர் ஒருவர். மாணவர் இந்த மூவரையும் ஒரே ஆளாகப் பார்ப்பதே இல்லை.

இப்போது அந்தத் தாள். நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எழுதிய மாதத் தேர்வு. 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குக் காரணம் எழுதச் சொல்லியிருந்தார்கள். மழை பொய்த்தது, ஏரி வற்றியது, ஜனங்கள் செத்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். 25-க்கு 11. ஓரத்தில் பச்சை மையில் எங்கள் ஆசிரியர் எழுதியிருக்கிறார்: "தானியம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டுதானே இருந்தது? யார் ஏற்றியது?"

அந்த ஒரு கேள்விக்காக இரண்டு வாரம் நூலகத்தில் கிடந்தேன். பஞ்ச காலத்தில் மதராஸிலிருந்து தானியம் ஏற்றுமதியான கதையையும், நிவாரண முகாமில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த தானியத்தை நாளுக்கு ஒரு ராத்தலாக, அதாவது அரை கிலோவுக்கும் குறைவாகக் குறைத்த கதையையும் படித்தேன். மழை பெய்யாதது வேறு, மனிதர் பட்டினி கிடப்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. நான் எழுத்தாளன் ஆனது அந்த ஓரக்குறிப்பிலிருந்துதான் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதே வருடம் பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு தாளில் எனக்கு 34 வந்தது. ஏன் என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

செயலி கட்டுரை எழுதிவிடுகிறது என்கிறீர்கள். எழுதட்டும். தன் தாளின் ஓரத்தில் தன் வாக்கியத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி இருந்தால், அந்தப் பெண் அதற்குத் தானே பதில் தேடுவாள்.

பல்கலைக்கழகத் தாளை நீங்கள் மாற்ற முடியாது, சரி. கல்லூரிக்குள்ளேயே நீங்கள் வைக்கிற இன்டர்னல் தேர்வின் தாள் உங்கள் கையில்தானே இருக்கிறது? அதை என்ன செய்கிறீர்கள்? மதிப்பெண்ணைப் பதிவேற்றிவிட்டு, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் (NAAC) குழு வந்தால் காட்டுவதற்காகத் துறை அலமாரியில் கட்டி வைக்கிறீர்கள். அந்தக் கட்டை அவிழுங்கள், கே. ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் என்றால் 60 தாளுக்குப் பத்து மணி நேரம். உங்களுக்கு நான்கு வகுப்பு இருக்கும், நாற்பது மணி நேரம். நேரம் இல்லை என்பீர்கள், எனக்கும் தெரியும். காலிப் பணியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிற கல்லூரியில் யாருக்குத்தான் நேரம் இருக்கிறது?

அதனால்தான் இது திட்டத்தில் வர வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) கணக்கு. தாளைத் திருத்தி, குறிப்பு எழுதி, மாணவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு எத்தனை ஆசிரியர்கள் தேவையோ அத்தனை பணியிடம் கேளுங்கள். ஸ்மார்ட் போர்டுக்கு ஒதுக்குகிற பணத்தைப் பற்றி அப்போது பேசலாம்.

அடுத்த கூட்டம் எப்போது என்று எழுதுங்கள். என் தாளின் நகலை அனுப்பிவைக்கிறேன். மேசைமேல் வைத்துக் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி காட்டுங்கள். அந்த 11 மதிப்பெண்ணையும் மறைக்க வேண்டாம்.