'தி சைலண்ட் பேஷண்ட்' நாவலில் வரும் தெரபிஸ்ட் மாதிரி நிஜத்தில் யாராவது நடந்துகொள்வார்களா?

அலெக்ஸ் மைக்கேலிடிஸ் எழுதி 2019இல் வெளிவந்த இந்த நாவலின் கடைசித் திருப்பத்தை எல்லாரும் புகழ்கிறார்கள், உங்களுக்கோ தெரபிஸ்ட் தியோ ஃபேபர் செய்வது எதுவும் நம்பும்படி இல்லை. கோலாலம்பூரில் மனநல ஆலோசனை தரும் ஒரு கவுன்சிலரைப் பார்க்கலாம் என்றிருந்தீர்கள், படித்தபின் தயக்கமாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு உறுத்தியது சரியான இடம். ஆனால் அதை நாவலின் ஓட்டை என்று தள்ளிவிடாதீர்கள், நாவலின் துப்பே அதுதான். மைக்கேலிடிஸ் சைக்கோதெரபி படித்தவர், இளையோருக்கான மனநலப் பிரிவு ஒன்றில் பகுதிநேரமாக வேலையும் பார்த்தவர். விதி தெரியாமல் எழுதியிருக்க வழியில்லை. தியோ ஒவ்வொரு விதியாக மீறும்போதும், 'இவன் சொல்வதை அப்படியே நம்பாதே' என்று வாசகருக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். முடிவை இங்கே உடைக்கமாட்டேன், இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள்.

முதல் மீறல் தொடக்கப் பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. கணவனைச் சுட்டுக் கொன்றபின் ஒரு வார்த்தையும் பேசாத ஓவியர் அலிசியா ஒரு மனநல மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் அங்கே இருக்கிறாள் என்பதற்காகவே அந்த மருத்துவமனை வேலைக்கு தியோ விண்ணப்பிக்கிறான். நோயாளி மேல் தெரபிஸ்டுக்கு எழும் உணர்வுக்கு கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். அது எழுவது குற்றமில்லை, எல்லாருக்கும் எழும். அதை மூத்த ஒருவரிடம் சூப்பர்விஷனில் கொட்டிப் பேசவேண்டும், அவ்வளவுதான். பேசாமல் தனக்குள்ளேயே வளர்த்துக்கொள்ளும்போதுதான் கெடுகிறது. அடுத்தது, அவளுடைய கணவனின் சகோதரன், அத்தை வீடு, ஓவியக்கூடக்காரர் என்று ஒருவர் விடாமல் போய் விசாரிப்பது. 'ஃபோரென்சிக் பிரிவில் (குற்ற வழக்கில் சிக்கிய மனநோயாளிகளுக்கான பிரிவு) குடும்பத்தாரை விசாரிப்பது சகஜம்தானே' என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். சகஜம்தான். ஆனால் குழு முடிவெடுத்து, முடிந்தவரை நோயாளியின் சம்மதம் பெற்று, பெரும்பாலும் சோஷியல் வொர்க்கர் மூலமாக, கோப்பில் பதிந்து செய்வார்கள். மேலதிகாரிக்குத் தெரியாமல் ஒருவர் தனியாகக் கிளம்பிப் போவதைச் சகஜம் என்று சொல்லமுடியாது.

அலிசியாவின் பேச்சு நின்றுபோனதைப் பற்றித்தான் வாசகர்கள் அதிகம் குழம்புகிறார்கள். 'அதிர்ச்சியில் குரல் போய்விட்டது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், சிலர் 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும் பதற்றக் கோளாறு. வீட்டில் பேசும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காது. எங்கேயும் யாரிடமும் பேசாத ஒரு பெரியவர் வந்தால் வேறு வரிசையில் பார்க்கவேண்டும். மூளையில் பேச்சுப் பகுதி அடிபட்டிருந்தால் பெரும்பாலும் எழுத்தும் தடுமாறும். தொண்டையில் கோளாறா என்று அறிய இருமச் சொல்வார்கள். இருமலில் குரல் தெளிவாக வந்தால் குரல்நாண் வேலை செய்கிறது. கை கால் வைத்த நிலையிலேயே நிற்கிறதா, சாப்பாடு தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்த்து, கட்டடோனியா (உடலும் பேச்சும் உறைந்துபோகும் நிலை) என்று சந்தேகம் வந்தால் 1 அல்லது 2 மில்லிகிராம் லோராசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்து இளகுகிறாரா என்று கவனிப்பார்கள். கடும் மனச்சோர்வையும் மனச்சிதைவையும் விட்டுவிடக்கூடாது. இதெல்லாம் கழிந்த பிறகுதான், பேசாமல் இருப்பது அவரே எடுத்த முடிவா என்ற கேள்விக்கு வரலாம்.

அலிசியா கணவனைச் சுட்ட பிறகு தன்னையே ஓவியமாக வரைந்து, அதற்கு 'அல்செஸ்டிஸ்' என்று பெயரும் எழுதுகிறாள். மொழி அவளை விட்டுப் போகவில்லை. கிரேக்கக் கதையில் கணவனுக்குப் பதிலாகச் செத்து, மீட்டுக் கொண்டுவரப்பட்டும் வாய் திறக்காதவள் அல்செஸ்டிஸ். அகலிகை கல்லானதைச் சாபமாகவே படித்துப் பழகிய நமக்கு, மௌனமும் ஒரு பதிலாக இருக்கலாம் என்று படிக்கக் கொஞ்சம் நேரமாகிறது.

மருந்து விஷயம். அலிசியாவுக்கு அளவுக்கு மீறி ரிஸ்பெரிடோன் என்ற மனச்சிதைவு மருந்தைக் கொடுத்து மந்தமாக வைத்திருக்கிறார்கள், குறைக்கவேண்டும் என்று தியோ வாதாடுகிறான். இந்த இடம் நம்பும்படிதான் இருக்கிறது. வழக்கமான அளவு நாளுக்கு 2 முதல் 6 மில்லிகிராம். 10க்கு மேல் போனால் பலன் கூடுவதில்லை, உடல் விறைப்பு, கை நடுக்கம், எச்சில் வடிதல், உட்கார முடியாத தவிப்பு எல்லாம்தான் கூடும். ஆனால் டாக்டர் அல்லாத தெரபிஸ்ட் கேட்கலாமே தவிர, அளவை மாற்ற முடியாது. மலேசியாவிலும் அப்படித்தான்.

இதே கதை இங்கே நடந்தால் வேறு மாதிரி போகும். அலிசியாவுக்குக் கைகொடுத்த 'குறைந்த பொறுப்பு' (மனநிலை காரணமாகக் கொலைக்கு முழுப் பொறுப்பில்லை) என்ற வாதம் நம் தண்டனைச் சட்டத்தில் இல்லை, 84ஆம் பிரிவின் மனநிலை பிறழ்வு வாதம்தான் உண்டு. வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்று சந்தேகம் வந்தால் கோர்ட் ஒரு மாதம் வரை கண்காணிப்புக்கு அனுப்பும், உலு கிந்தாவில் உள்ள ஹோஸ்பிடல் பஹாகியா போன்ற மனநல மருத்துவமனைக்கு. 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையை நம்மவர்கள் ஊர்ப் பெயரால் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லிச் சொல்லி வசவாகவே ஆக்கிவிட்டார்கள். இன்றும் பிள்ளைகளைத் திட்டும்போது அந்தப் பெயர் வாயில் வருகிறது. திட்டு வாங்கி வளர்ந்த பிள்ளை பெரியவனானதும் உதவி கேட்டு எப்படிப் போவான்?

நாவல்தானே, இவ்வளவு அலசவேண்டுமா என்று கேட்கலாம். நீங்கள் பயந்துகொண்டு கவுன்சிலரிடம் போகாமல் இருந்துவிடக்கூடாது என்பதால்தான் அலசுகிறேன். 'கவுன்சிலர்' என்று போட்டுக்கொள்ள 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி லெம்பாகா கவுன்சிலரில் (கவுன்சிலர்கள் வாரியம்) பதிவு வேண்டும். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்றிருக்கும். கே.பி. என்றால் பதிவு பெற்ற கவுன்சிலர். இந்த பி.ஏ. காலேஜ் பட்டம் கிடையாது, தொழில் செய்ய அனுமதிக்கும் 'பெராக்குவான் அமாலான்'. 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' என்று மட்டும் போர்டு இருந்தால் என்ன பதிவு என்று கேளுங்கள். கையில் காசு குறைவென்றால் அரசு கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்குங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட், தேவைப்பட்டால் மருத்துவமனைக்குச் சூராட் (பரிந்துரைக் கடிதம்) எழுதித் தருவார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு அம்மா வந்தால், கூட வந்த மகளையே மொழிபெயர்க்கச் சொல்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்பா அடிப்பதை மகள் வாய் வழியாக எந்த அம்மா சொல்வாள்? சாக விரும்புவதை எப்படிச் சொல்வாள்? 'தலைவலி, தூக்கமில்லை' என்று சொல்லி மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விடுவாள். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் குடும்பத்தாராக இல்லாத ஒருவரை மொழிபெயர்ப்புக்குக் கேளுங்கள்.

முதல் சந்திப்பு ஏறக்குறைய 50 நிமிடம். எது ரகசியமாக இருக்கும், எப்போது ரகசியத்தை உடைக்கவேண்டி வரும் என்று அவரே முதலில் விளக்கவேண்டும். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தைக்குக் கொடுமை என்றால் உடைப்பார். அதை விளக்காமல் நேராகக் கதை கேட்கத் தொடங்கினாலோ, அடுத்த முறை கோப்பிக் கடையில் சந்திக்கலாம் என்றாலோ, உங்களைக் கேட்காமல் உங்கள் வீட்டாருக்கு ஃபோன் போட்டாலோ, மறுபடி போகவேண்டாம். பதிவு பெற்றவராக இருந்தால் லெம்பாகாவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியும் நேரமும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.