டிஏபிவிசி ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் சிரை மறுபடி சுருங்குவது ஏன்? குழந்தை தேறுமா?

கேட்டிருப்பது இதுதான்: பிறந்த முதல் வாரத்திலேயே டிஏபிவிசி என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் முடிந்த குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். இடது பக்கச் சிரைகள் சுருங்குவதாக எக்கோவில் சொல்கிறார்கள். ஆபரேஷனில் தவறு நடந்துவிட்டதா, இனி என்ன ஆகும்?

பெரும்பாலும் யாருடைய தவறும் இல்லை. நுரையீரலில் சுத்தமான ரத்தத்தை இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுவரும் சிரைகள் நான்கு: வலது மேல், வலது கீழ், இடது மேல், இடது கீழ். டிஏபிவிசியில் இந்த நான்கும் வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்கும். அறுவை நிபுணர் அவற்றை இடது மேலறையோடு இணைக்கிறார். இணைத்த இடத்தில் தழும்பு இறுகுவது ஒரு வகைச் சுருக்கம். சிரையின் உள்சுவரே தடித்துக்கொண்டு போவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. தசைச் செல் போன்ற ஒருவகைச் செல்கள் உள்ளே பெருகி, சிரை இதயத்தில் சேரும் வாயிலில் தொடங்கி நுரையீரலுக்குள் இருக்கும் கிளைகள் வரை பரவக்கூடும்.

கணக்காகப் பார்த்தால் இதன் கொடுமை புரியும். நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள சிரையில் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் தடித்தால் வழி இரண்டு மில்லிமீட்டராகிவிடும். ரத்தம் போகும் பரப்பு கால் பங்காகும். தடை பதினாறு மடங்கு ஏறும். பெரியவர்களுக்குப் பொருட்டே இல்லாத தடிப்பு, கைக்குழந்தைக்கு நுரையீரலில் நீர் கோத்து வலது கீழறையைத் திணறடிக்கப் போதும்.

பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் நாடுகளைச் சேர்ந்த ஒரு பெரிய தொகுப்பில், டிஏபிவிசி சரிசெய்யப்பட்ட 406 குழந்தைகளில் 71 பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சிரை அடைப்பு வந்தது. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்பே சிரைகள் மெலிந்தோ சுருங்கியோ இருந்தவர்களுக்கும், நான்கும் சேரும் பொதுவான பை இல்லாதவர்களுக்கும் ஆபத்து கூடுதல். உறுப்புகள் இடம் மாறி அமைந்த குழந்தைகளுக்கும், ஒற்றைக் கீழறை இதயம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

டிஏபிவிசி இல்லாமலும் இது வரும், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு. நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு, என்இசி என்ற குடல் அழற்சி, பிறக்கும்போது கர்ப்ப வாரத்துக்கேற்ற எடை இல்லாதது, நுரையீரலுக்கு அதிக ரத்தம் தள்ளும் ஓட்டைகள், டவுன் சிண்ட்ரோம் ஆகியவை அதோடு சேர்ந்து காணப்படுகின்றன. குறைமாதக் குழந்தைகளிடம் இடது பக்கச் சிரைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியூ) எடுத்த முதல் எக்கோ சுத்தமாக இருந்து, மாதங்கள் கழித்துச் சுருக்கம் வெளிப்படுவது சகஜம். ஆகவே ‘அப்போதே பார்த்தோம், நன்றாக இருந்தது’ என்பது இந்த நோய்க்கு ஆறுதல் ஆகாது.

இனி உங்கள் கையில் இருக்கும் எக்கோ ரிப்போர்ட்டை எடுங்கள். ‘பல்மனரி வெய்ன்ஸ் நார்மல்’ என்று ஒரே வரி இருந்தால் அது போதாது. நான்கு சிரையும் தனித்தனியாகப் பெயரோடு, ஒவ்வொன்றின் ரத்த வேகத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். சாதாரணமாக வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கும், எக்கோ படத்தில் அலை ஏறி இறங்கும். சுருங்கிய சிரையில் வேகம் கூடி, அலை அடிக்கோட்டுக்குத் திரும்பாமல் மேலேயே நிற்கும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கச் சிரைகள் மிக இறுகிவிட்டால் நுரையீரலுக்குப் போகும் ரத்தமே அந்தப் பக்கத்தை விட்டு மறுபக்கம் திரும்பிவிடும். ஓட்டம் குறைவதால் அளவிடும் வேகமும் குறையும். போன மாதத்தைவிட எண் இறங்கியது என்று நிம்மதி அடைந்துவிடுவோம், உண்மையில் சிரை மூடிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தேகம் வந்தால் சிடி ஆஞ்சியோவும், நுரையீரல் ரத்த ஓட்ட ஸ்கேனும் வேண்டும். வலது நுரையீரலுக்கு 55, இடதுக்கு 45 சதவீதம் என்பது இயல்பு. இடது பக்கம் 20க்கு இறங்கியிருந்தால் எக்கோ என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சிகிச்சைக்கு வருவோம். 1990களின் பிற்பகுதியில் பாரிஸ், டொரன்டோ அறுவை நிபுணர்கள் கொண்டுவந்த ‘சூச்சர்லெஸ்’ முறையில், சிரையைத் திறந்துவிட்டு, இடது மேலறையின் சுவரைச் சிரையைச் சுற்றியுள்ள இதய உறையோடு தைக்கிறார்கள். தையல் சிரையின் விளிம்பைத் தொடுவதில்லை. வாயிலருகே உள்ள சுருக்கத்துக்கு இது நன்றாகவே உதவும். நுரையீரலுக்குள் போய்விட்ட நோயை இது எட்டாது.

கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்திச் சிகிச்சை தரும் அறை) பலூன் வைத்து விரிப்பது உடனடி நிவாரணம் தரும். ஆனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி இறுகுவது வழக்கம். ஆகவே திரும்பத் திரும்பப் போக வேண்டியிருப்பதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த நோயின் சிகிச்சையே அப்படித்தான். சிரைக்குள் வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் ஏழு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அதிக நாள் திறந்திருக்கும். கைக்குழந்தையின் சிரையில் அவ்வளவு பெரியது நுழையாது என்பதுதான் சிக்கல்.

செல்கள் பெருகுவதைத் தடுக்க சில மையங்களில் சிரோலிமஸ் என்ற மருந்தைத் தருகிறார்கள். பாஸ்டனில் இமாட்டினிப், பெவாசிசுமாப் மருந்துகளை முயன்றார்கள். பலூனுக்கோ ஆபரேஷனுக்கோ பதிலாக அல்ல, அவற்றோடு சேர்த்து. சிரோலிமஸ் தொடங்கினால் ரத்தத்தில் மருந்தின் அளவு, கொழுப்பு, அணுக்களின் எண்ணிக்கை மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். வாய்ப்புண் வரலாம், தொற்று எளிதில் பிடிக்கும், காயம் மெதுவாக ஆறும். போலியோ சொட்டு, எம்எம்ஆர் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். கிளாரித்ரோமைசினும் சில பூஞ்சை மருந்துகளும் சிரோலிமஸின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். சளிக்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

நுரையீரல் ரத்தக்குழாய்களை விரிக்கும் சில்டெனாஃபில் மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. நுரையீரல் அழுத்தம் அதிகம் என்று அதைத் தொடங்குவார்கள். வெளியேறும் வழி அடைபட்டிருக்கும்போது உள்ளே வரும் வழியைத் திறந்துவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். மருந்து தொடங்கியபின் மூச்சு வாங்குவது கூடினால், சிரைகளைச் சரியாகப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிழைக்குமா என்ற கேள்விக்கு ஒரே எண் சொன்னால் ஏமாற்றுவதாகும். ஒன்றிரண்டு சிரை மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாக வளர்கிறார்கள். மூன்று, நான்கு சிரை, இரண்டு பக்கமும், ஆறு மாத வயதுக்கு முன்பே தொடங்கியது, உள்கிளைகள் வரை பரவியது என்றால் நிலைமை கடினம். மேலே சொன்ன தொகுப்பில் அடைப்பு வந்தவர்களில் மூன்று ஆண்டு தாண்டியவர்கள் ஏறக்குறைய 59 சதவீதம். உங்கள் குழந்தைக்கு இடது பக்கம் மட்டும் என்பது கையில் இருக்கும் நல்ல செய்தி. வலது பக்கம் திறந்திருப்பதை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்வதுதான் இப்போதைய முதல் வேலை.

வீட்டில் குழந்தை தூங்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணித் தேதியோடு எழுதுங்கள். இந்த வயதில் 50ஐத் தாண்டினாலோ, வழக்கமான எண்ணிலிருந்து தொடர்ந்து ஏறினாலோ, பால் குடிக்கும்போது வியர்த்து நடுவில் விட்டுவிட்டாலோ, எடை இரண்டு வாரம் நின்றாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். ஆக்சிஜன் அளவு 97 காட்டுகிறது என்பதற்காகவும் காத்திருக்காதீர்கள், கடைசி வரை அது நன்றாகவே காட்டக்கூடும். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, சிடி ஸ்கேன், கேத் படங்கள் பதிந்த டிஸ்க்குகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.