பதில்: ராக் கேட்டுப் பழகின காதுக்கு ராப் ஏறவே மாட்டேங்குதே?

கிரீன் டேங்கிற ராக் பேண்டோட 'அமெரிக்கன் இடியட்' ஆல்பத்தைத் தேயத் தேயக் கேட்ட நீங்க, நண்பர் சொன்னாருன்னு ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரோட 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'யைப் போட்டு மூணாவது பாட்டிலேயே நிறுத்திட்டீங்க. காதுல கோளாறு எதுவும் இல்லை. நுழைஞ்ச வாசல் தப்பு, அவ்வளவுதான். 2015ல வந்த அந்த ஆல்பம் ஜாஸ், ஃபங்க்னு நெளிஞ்சு நெளிஞ்சு போகும். கிட்டார் பழகின காதுக்குப் பிடிமானம் கிடைக்காது.

2012ல வந்த அவரோட 'குட் கிட், மேட் சிட்டி' ஆல்பத்துல ஆரம்பிங்க. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்கிற காம்ப்டன்ல வளர்ற ஒரு பையனோட கதை. பாட்டுகளை வரிசை மாத்திப் போடுற ஷஃபிளை அணைச்சிடுங்க, ப்ளீஸ். நடுவுல வாய்ஸ்மெயில்ல அம்மா வேனைக் கொண்டு வாடான்னு கத்துவாங்க, அப்பா டாமினோ ஆட்டக்காய் எங்கேன்னு கேட்பார். அதைத் தாண்டி ஓடினா கதையே போச்சு.

அதுல வர்ற 'சிங் அபௌட் மீ' பாட்டு 12 நிமிஷம். 'அமெரிக்கன் இடியட்'ல வர்ற 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா'வோட 9 நிமிஷத்தைத் தாங்கினவர்தானே நீங்க! முதல் சரணத்துல பேசுறவன் வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள துப்பாக்கி வெடிக்கும். அடுத்ததுல ஒரு பெண், தான் மங்கவே மாட்டேன்னு அடிச்சுச் சொல்லச் சொல்ல, அவ குரல் தேய்ஞ்சுக்கிட்டே போகும். ராத்திரி ஹெட்ஃபோன்ல கேளுங்க.

(கிரீன் டேல எனக்கு 1994ல வந்த 'டூக்கி' ஆல்பம்தான் ஒசத்தி. சண்டைக்கு வராதீங்க.)

ஒரு மாசம் கழிச்சுப் பட்டர்ஃப்ளைக்குத் திரும்புங்க. அப்பவும் பிடிக்கலைன்னா விட்டுத் தள்ளுங்க, பரீட்சையா எழுதப் போறீங்க?