காலுக்கு வாசிக்கும் ஆம்ப்: மேடை கிட்டார் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எனக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளித் தரையில் இருக்கிறது. வால்யூமைப் பாதிக்கு மேல் திருகியும் நான் வாசிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. முன்வரிசைக்காரர்களோ காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆம்பில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. அது உங்கள் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் தாழ்ந்த ஸ்வரங்களை நாலா பக்கமும் பரப்பும். ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஒலி குவியத் தொடங்கும். 2,000, 3,000 ஹெர்ட்ஸில் டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில்தான் போகும். பிக் கம்பியில் படும் ஓசை, ஸ்வரத்தின் துலக்கம் எல்லாம் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. நிற்பவரின் காது 160 செ.மீ. உயரத்தில். ஒன்றரை மீட்டர் தூரத்தில் உங்கள் காது ஸ்பீக்கரின் நேர்கோட்டிலிருந்து 42 டிகிரி விலகி நிற்கிறது. உங்களுக்கு வருவது மங்கலான உறுமல் மட்டும். அதைச் சரிக்கட்ட ட்ரிபிளை, அதாவது உச்ச ஒலியை, கூட்டுகிறீர்கள். மேடையின் உயரமும் சேர்ந்துகொள்வதால், கூட்டிய ட்ரிபிள் முழுவதும் முன்வரிசையின் முகத்துக்கு நேராகப் பாய்கிறது.

ஆம்பை உறுதியான நாற்காலி அல்லது ஸ்டாண்ட் மேல் 60 செ.மீ. உயர்த்தி, 20 முதல் 25 டிகிரி பின்னால் சாய்த்து வையுங்கள். இப்போது அதே ஒன்றரை மீட்டரில் அது உங்கள் காதைப் பார்க்கும். தரையை விட்டுத் தூக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: பலகை மேடையோடு சேர்ந்து ஆம்ப் அதிர்வதால் வரும் ‘கும்’ சத்தம் குறையும். ஆம்ப் வழுக்கி விழாமல் பட்டையால் கட்டுவதை மறக்க வேண்டாம். பின்பக்கம் கனமான காம்போ ஆம்ப்கள் (ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பவை) சாய்த்ததும் எளிதில் கவிழும்.

இன்னும் நல்ல வழி, ஆம்பை மேடையின் ஓரத்தில் வைத்துக் குறுக்காகத் திருப்புவது. கூட்டத்தின் மேல் நேரடியாகப் பாயாது; டிரம்மருக்கும் உங்கள் வாசிப்பு கேட்கும். பாடகரின் மைக் அந்த நேர்கோட்டில் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் திறந்த கேபினெட்டாக இருந்தால் கனத்த திரைச்சீலையில் ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் போகும் ஒலியைத் திரை விழுங்கிவிடும்.

இடம் மாற்றிய பிறகு டோனைப் புதிதாக அமைத்தே ஆக வேண்டும். ஸ்பீக்கர் உயரத்துக்குக் காதைக் கொண்டுவந்து, குறைந்த வால்யூமில் ட்ரிபிளைத் திருகுங்கள். பழைய அமைப்பு எவ்வளவு கொடுமையாக இருந்தது என்று அப்போது தெரியும். முன்வரிசையிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

கேள்வி: 30 வாட் வால்வ் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கினால் தீருமா?

பதில்: 30-லிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 5 டெசிபெல் சொச்சம். ஆம்பிலிருந்து மூன்று மீட்டரில் நிற்பவர் ஒன்றரை மீட்டருக்கு வந்தாலே, திறந்த வெளியில் 6 டெசிபெல் கூடும். உள்ளரங்கில் எதிரொலி சேர்வதால் கொஞ்சம் குறைவாக. காது ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று உணர ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. செலவு செய்தே தீருவேன் என்றால் ஸ்பீக்கரை மாற்றுங்கள். 97 டெசிபெல் உணர்திறன் உள்ளதை எடுத்துவிட்டு 100 டெசிபெல் உள்ளதைப் போடுவது, ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஸ்பீக்கரின் ஓம் அளவும் தாங்கும் வாட் அளவும் ஆம்போடு பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் அருமையாக இருக்கும் டோன், குழுவோடு வாசிக்கும்போது காணாமல் போய்விடுகிறது. ஏன்?

பதில்: மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகவே எட்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் இதை 1933-லேயே அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். வீட்டில் அந்தக் குறையை நிரப்ப பேஸையும் ட்ரிபிளையும் ஏற்றி, மிட்டை (நடு ஒலியை) இறக்கி வைக்கிறீர்கள். மேடைச் சத்தத்தில் அதே அமைப்பில் பேஸ் கொழகொழக்கும், ட்ரிபிள் குத்தும், நடுவில் ஒன்றும் இராது. அந்த நடுப்பகுதிதான் கிட்டாரின் வீடு.

கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பது பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலும் அவர்களோடு போட்டி போட்டு உங்களால் ஜெயிக்க முடியாது. ஈக்யூ பெடலில் (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடல்) 100 ஹெர்ட்ஸை 4 முதல் 6 டெசிபெல் குறையுங்கள், 800 ஹெர்ட்ஸை 3 டெசிபெல் கூட்டுங்கள். தனியாக வாசித்தால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், குழு சேர்ந்ததும் சரியாகிவிடும். டோனை முடிவு செய்ய வேண்டிய இடம் ஒத்திகைதான், படுக்கையறை அல்ல.

டிஸ்டார்ஷனையும் வீட்டில் வைப்பதைவிடக் கால் பங்காவது குறையுங்கள். கெய்ன் (டிஸ்டார்ஷனின் அளவு) ஏற ஏற ஒலி நசுங்கும். பிக் படும் முதல் கணத்தின் எழுச்சி போய்விடும். சிம்பல் சத்தத்தின் நடுவே காது உங்கள் கிட்டாரைப் பிடித்துக்கொள்வது அந்த எழுச்சியால்தான். நெருக்கமான மேடை என்றால் சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்காமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள். எந்தப் பெடலும் தராத பலன் அது.

கேள்வி: மானிட்டரில் (வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரில்) ‘கிட்டார் கூட்டுங்கள்’ என்று சொன்னால் கொஞ்ச நேரத்தில் வீல் என்று ஃபீட்பேக் வருகிறது. சவுண்ட் இன்ஜினியரிடம் என்ன கேட்பது?

பதில்: பெரும்பாலும் கூவுவது உங்கள் ஆம்பின் மைக் அல்ல. ஸ்பீக்கர் துணியிலிருந்து 2, 3 செ.மீ. தூரத்தில் இருக்கும் அந்த மைக் அவ்வளவு எளிதில் கூவாது. கிட்டாரைக் கூட்டினால் உங்கள் குரல் அமுங்கும், பிறகு குரலையும் கூட்டச் சொல்வீர்கள், அந்தப் பாட்டு மைக்தான் கூவும். அதனால் கூட்டச் சொல்வதற்கு முன், குறைக்கச் சொல்லுங்கள்: ‘என் மானிட்டரில் கிக்கையும் கீபோர்டையும் எடுத்துவிடுங்கள்.’ உங்களுக்கு வேண்டியது உங்கள் கிட்டார், உங்கள் குரல், முதன்மைப் பாடகர். ஆம்ப் ஏற்கெனவே காதைப் பார்த்தால் கிட்டார்கூட வேண்டியதில்லை.

அடுத்து, மானிட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார்டியாய்டு மைக் தன் நேர் பின்பக்க ஒலியை மிகக் குறைவாக வாங்கும். மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால் இருக்கட்டும். சூப்பர்கார்டியாய்டு மைக்கின் செவிட்டுப் பகுதி முன்முகத்திலிருந்து ஏறத்தாழ 125 டிகிரியில்; அதற்கு மானிட்டர் சற்று ஓரமாக இருக்க வேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கு எல்லாமே போச்சு.

மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் (மிக்ஸரின் தனி அவுட்), ப்ரீ-ஃபேடராக (கூட்டத்துக்கான வால்யூம் ஃபேடருக்கு முன்பே பிரிவதாக) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்துக்காக அவர் ஃபேடரை ஏற்றி இறக்கும்போதெல்லாம் உங்கள் மானிட்டரும் ஏறி இறங்கும். மானிட்டரைத் திறந்ததும் கிட்டார் பருமனாவதற்குப் பதில் மெலிந்துபோனால், அந்தச் சானலின் போலாரிட்டி பட்டனை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆம்ப் இல்லாமல் பெடல்போர்டிலிருந்து நேராக மிக்ஸருக்குக் கொடுத்து, இன்-இயரில் (காதுக்குள் செருகும் மானிட்டரில்) கேட்கிறேன். டிஸ்டார்ஷன் கொசு ரீங்காரம் போல இருக்கிறது.

பதில்: கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும், டிஸ்டார்ஷனின் கரகரப்பை அதுதான் வடிகட்டுகிறது. நீங்கள் ஸ்பீக்கரைத் தூக்கிவிட்டீர்கள், வடிகட்டியும் போய்விட்டது. வரிசையின் கடைசியில் கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) வேண்டும்: ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) ஏற்றக்கூடிய பெடலாகவோ, மாடலரில் (ஆம்பையும் பெடலையும் டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவியில்) உள்ளதாகவோ. மாடலரில் இரண்டு அவுட் இருந்தால் மிக்ஸருக்குக் கேபினெட்டோடு ஒன்று, மேடையில் ஆம்பும் வைத்திருந்தால் அதன் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னுக்குக் கேபினெட் இல்லாமல் ஒன்று. எக்காரணம் கொண்டும் ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை மிக்ஸரில் செருகாதீர்கள். வால்வ் ஆம்பை ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாகச் சுமையை ஏற்கும் லோட் பாக்ஸோ இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியலாம்.

இன்-இயர் போட்டதும் மேடை அந்நியமாகத் தோன்றும். அதற்காக ஒரு காதில் இருப்பதைக் கழற்றாதீர்கள். கழற்றிய காது முழுச் சத்தத்தையும் வாங்கும். அதற்கு ஈடாக மற்றதில் வால்யூமை ஏற்றுவீர்கள். கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் வைத்து, இன்-இயர் மிக்ஸில் மட்டும் கொஞ்சம் கலக்கச் சொன்னால் போதும். ஸ்டீரியோ இருந்தால் உங்கள் கிட்டாரை ஒரு பக்கமும் இன்னொரு கிட்டாரை மறுபக்கமும் தள்ளுங்கள். வால்யூமைத் தொடாமலேயே இரண்டும் பிரிந்து கேட்கும்.

கேள்வி: சோலோவுக்கு பூஸ்ட் பெடல் மிதித்தால் டிஸ்டார்ஷன்தான் கூடுகிறது, சத்தம் கூடவில்லை.

பதில்: பூஸ்ட் உங்கள் டிரைவ் (டிஸ்டார்ஷன்) பெடலுக்கு முன்னால் இருக்கிறது. பின்னால் மாற்றுங்கள், டிரைவ் ஆம்பிலிருந்தே வந்தால் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலைச் செருகும் இடம்) போடுங்கள். 4 டெசிபெல் தாராளம்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்து மறுநாள் வரை காதில் ‘ங்’ என்ற சத்தம். பஞ்சு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வெறும் பஞ்சு பாதுகாப்பே அல்ல. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் வரம்பு 85 டெசிபெலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். நுரை அடைப்பான் காக்கும், ஆனால் உச்ச ஒலியை அதிகம் விழுங்கும்; அதை வைத்துக்கொண்டு ட்ரிபிளை அமைத்தால் வெளியே கத்தியாகக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் அடைப்பான் எல்லா அலைவரிசையையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கிறது. அதைச் சவுண்ட் செக்கிலிருந்தே போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் போட்டால் டோன் மாறிவிட்டதென்று எல்லா நாபையும் திருகத் தோன்றும். இரைச்சல் ஓரிரு நாளில் அடங்காவிட்டாலும், ஒரு காதில் திடீரென்று கேட்பது குறைந்தாலும் உடனே காது மருத்துவரிடம் போங்கள்.