காலையில் மட்டும் ஏன் இவ்வளவு ரேஸ்?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. 2011 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் 2,500 ஆர்பிஎம் வரை ஏறி அங்கேயே நிற்கிறது, மஞ்சக்குப்பம் போய்ச் சேரும் வரை இறங்குவதில்லை. சிக்னலில் கிளட்சை மிதித்தால் பக்கத்து வண்டிக்காரர் திரும்பி முறைக்கிறார். ஒரு மெக்கானிக், ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் ஐடிலிங் மோட்டாரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்குரூவைத் திருகிக் குறைத்துத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் காலையில் கொஞ்சம் ரேஸ் எடுக்கத்தான் செய்யும், அது கோளாறு இல்லை. கார்புரேட்டர் காலத்தில் நாம் சோக்கை இழுத்துச் செய்த வேலையை இப்போது ஈசியு என்கிற என்ஜின் கம்ப்யூட்டர் தானாகச் செய்கிறது. சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 250, 300 டிகிரி சூட்டைத் தொட்டால்தான் புகையைச் சுத்தம் செய்யும், அதற்காகவும் வேகத்தை ஏற்றி வைக்கும். ஆனால் அது பெரும்பாலும் 1,200 முதல் 1,500 வரைதான், ஒன்றிரண்டு நிமிடத்தில் இறங்க ஆரம்பித்து 700, 900 பக்கம் வந்து நிற்க வேண்டும். உங்கள் வண்டி 2,500-லேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பெட்ரோல் என்ஜின் காற்று இல்லாமல் ரேஸ் எடுக்காது. நீங்கள் ஆக்சிலரேட்டரில் காலே வைக்கவில்லை, அப்படியென்றால் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது? இதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

முதலில் காசு செலவில்லாதது. மிதியடி ஆக்சிலரேட்டர் மேல் ஏறிக் கிடக்கிறதா என்று பாருங்கள், சிரிக்க வேண்டாம், நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மாடல் வண்டிகளில் பலதில் ஆக்சிலரேட்டர் கேபிள்தான் இருக்கும், என்ஜினை அணைத்துவிட்டு அதை விரலால் அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். உப்புக்காற்றில் உள்கம்பி துருப்பிடித்தால் கேபிள் இறுகிப்போய், காற்று உள்ளே போகும் வழியான த்ராட்டில் பாடியில் இருக்கும் தகடு முழுசாக மூடாது. தகட்டின் ஓரத்தில் கறுப்பாகக் கார்பன் அப்பியிருந்தாலும் அதே கதைதான்.

அடுத்தது ரப்பர் ஹோஸ், அதில் ஓட்டை விழுந்தால் தகட்டைத் தாண்டி அந்த வழியாகவும் காற்று உள்ளே புகும். இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன், ஏனென்றால் சொந்தக் கதை. என் பழைய காரில் இதே தொல்லை வந்தபோது ஒருவர் பேச்சைக் கேட்டு ஐடிலிங் மோட்டாரை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் சின்ன ஹோஸை எலி கடித்து வைத்திருந்தது! பழைய மோட்டாரையும் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வண்டி ஓடும்போது 'உஸ்' என்று சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள், பெல்ட்டும் ஃபேனும் இருக்கும் பக்கம் துண்டு, தாவணி தொங்க விடாதீர்கள். சோப்புத் தண்ணீரை ஹோஸ் இணைப்புகளில் மட்டும் கொஞ்சம் தெளித்தால், கசிகிற இடத்தில் அதை உறிஞ்சிக்கொண்டு ஐடிலிங் ஒரு கணம் மாறும். சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள், சூடான என்ஜினில் அது குப்பென்று பற்றிக்கொள்ளும், வேண்டாம். பிரேக் பெடல் கல் மாதிரி இருந்தால் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை முதலில் பாருங்கள், அதைத் தள்ளிப் போடவே கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தால், ஈசியுவே காற்றைக் கேட்டு வாங்குகிறது என்று அர்த்தம். என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் சூட்டை அளக்கும் சென்சார் குளிரக் குளிர மின்தடையைக் கூட்டும். அதன் ஒயரை இணைக்கும் கப்ளரில் பச்சையாகக் களிம்பு பிடித்தால் அந்தத் தடையும் சேர்ந்துகொள்ளும், கடலூரில் நிற்கிற கார் தான் ஊட்டிப் பனியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ரேஸை ஏற்றும். கடலோர வண்டிக்கு இது சகஜம். ஈசியுவில் பதிவாகியிருப்பதைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடியற்காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன்னால், கூலண்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலண்ட் மைனஸ் 40 என்று காட்டினால் ஒயர் அறுந்திருக்கும் அல்லது கப்ளர் கழன்றிருக்கும். ஸ்கேனரில் பி0507 என்ற கோளாறு எண் வந்தால் ஐடிலிங் கூடுதலாக இருக்கிறது என்றுதான் பொருள், அது உங்களுக்கே தெரியும், அந்த எண்ணைப் பார்த்து எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். கூலண்ட் அளவையும் பாருங்கள், ஆனால் என்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

ஐடிலிங் மோட்டார் கடைசியில்தான். அதையும் உடனே மாற்றாமல் கழற்றிக் கார்பனைச் சுத்தம் செய்து பார்க்கலாம், முனையைக் கையால் அழுத்தித் தள்ளக் கூடாது. ஸ்குரூ யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். தகடு குழாயில் போய் இறுகிக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனியில் அளந்து வைத்த ஸ்குரூ அது. இன்று திருகிக் குறைத்துவிட்டு நாளைக்கு ஹோஸை மாற்றினால், ஏசி போட்டதும் வண்டி சிக்னலில் நின்றுவிடும்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பேட்டரி மாற்றிய நாளிலிருந்து ஐடிலிங் 1,300-லேயே நிற்கிறது. பேட்டரி சரியில்லையா?

பதில்: பேட்டரி மேல் பழி போடாதீர்கள். உங்களுடையது கேபிள் இல்லாமல் மோட்டாரால் தகட்டைத் திறக்கும் எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால், பேட்டரியைக் கழற்றியபோது தகட்டை எவ்வளவு திறக்க வேண்டும் என்ற பழைய கணக்கை ஈசியு மறந்திருக்கும். சில வண்டிகள் ஓடஓடத் தானாகவே கற்றுக்கொள்ளும், சிலதுக்கு ஸ்கேனர் வைத்து த்ராட்டிலை ரீசெட் செய்ய வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்று வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸில் கேளுங்கள். அதுவரை இக்னிஷன் ஆன் செய்து வைத்துக்கொண்டு தகட்டை விரலால் தள்ளிப் பார்க்கிற வேலை வேண்டாம், உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையலாம்.